எடைக்கு வாங்கியது

புதுப்பேட்டையில்
கிளட்ச் பிளேட்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே கிடந்தது.
தராசில் போட்டார் ஜக்கரியா. ஒன்று எழுநூறு.
"காம்பு இல்லையே, கழிவு உண்டா?"
"துருவுக்குத் தனியாக் கேக்கலையேம்மா."

பல் செட் செய்யும் லேபில் எனக்கு வேலை.
யாருடைய வாய் என்று தெரியாமலே
நாளைக்குப் பதினாலு வாய்க்குப் பல் அடுக்குகிறேன்.
அதனால்தானோ என்னவோ
கோடாலியைக் கையில் வாங்கியதும்
வாயைத்தான் பார்த்தேன் முதலில்.
இடது ஓரம் ஒரு சில்லுப் போயிருந்தது.
காதுக்குள் பழைய காம்பின் மிச்சம்,
பிடுங்கும்போது முறிந்துபோன வேர்.

எழும்பூர் மெட்ரோவில்
பட்டையின் மேல் பையை விட்டேன்.
திரையில் துரு தெரிவதில்லை.
ஆரஞ்சு நிறத்தில் என் சாப்பாடு,
நீலத்தில் குடைக்கம்பி, சாவிக்கொத்து,
நடுவே அது மட்டும் கறுப்பாக,
காலையில்தான் பட்டறையில் அடித்து எடுத்ததுபோல.
காவலுக்கிருந்த பெண் பையைப் பின்னால் இழுத்து
மறுபடி ஓடவிட்டாள்.
சட்டையில் பெயர்: மு. செங்கமலம்.
"இது வெட்டுறது இல்லக்கா, பொளக்குறது.
கன்னம் எவ்ளோ தடிப்பு பாருங்க."
பிறகு அதே குரலில்,
"உள்ள விட முடியாது."

அயனாவரம் பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பெயிண்ட் வாளி, வினிகர், இரண்டு இரவு.
குளியலறையில் ஊறுகாய் வாடை.
மூன்றாம் நாள் கறுப்புச் சேறாகக் கழன்றது.
லேபிலிருந்து கொண்டுவந்த பித்தளைத் தூரிகையில்
எழுத்து தட்டுப்பட்டது.
மறைப்பானேன், எனக்கு ஒரு ஆசை இருந்தது:
ரயில்வே முத்திரை.
இல்லையென்றால் கப்பலேறி வந்த
ஏதோ ஒரு கம்பெனியின் கிரீடம்.

வந்தவை புள்ளிகள்.
எவர்சில்வர் குடத்தில் பெயர் வெட்டுவார்களே,
அதே புள்ளி, அதே கோணல்.

அன்பளிப்பு
சு. எத்திராஜுலு
விறகுத்தொட்டி, ஓட்டேரி
9.9.64

அதற்கு மேலே இன்னொரு வரி இருந்திருக்கிறது.
துரு அங்கேதான் ஆழமாகத் தின்றிருந்தது.
'செல்வி' வரைக்கும் படிக்கலாம், பிறகு பள்ளம்.
கொடுத்தவர் பெயரில் மட்டும்
ஒரு புள்ளி குறையவில்லை.

கோடாலியை யார் மொய் வைப்பார்கள்?
வண்ணத்தாள் சுற்றி எடுத்துப் போனாரா,
கோணிச் சாக்கிலா?
அவருக்கு நல்லதாகத் தெரிந்த பொருள்
அது ஒன்றுதானோ?
போட்டோவுக்கு எந்தக் கையில் பிடித்தாள்
அந்தச் செல்வி?

இதை யோசித்துக்கொண்டே
தண்ணீர் தொடாமல் கிரைண்டரில் வைத்துவிட்டேன்.
வலது முனையில் நகத்தளவு நீலம் ஓடியது.
நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம்.
போன கெட்டி போனதுதான்.
மீதியை அரத்தாலும் கல்லாலும்
கையாலேயே முடித்தேன், ஐந்து ராத்திரி.

வாகைக் காம்பு நானூற்றைம்பது,
இரும்பைவிட விலை.
ஆப்பு இறங்கும் சத்தம் கேட்டு
ஹவுஸ் ஓனர் படியேறி வந்தார்,
கதவோரம் நின்று பார்த்தார்.
வாடகையை ஏற்றுவதைப் பற்றி
இந்த மாதம் பேச்சில்லை.

மூன்றாவது மாடி. பிளக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டில் நிச்சயதார்த்தம்.
தெருவை அடைத்துப் பந்தல், பிரியாணி தேக்சா,
லாரியிலிருந்து இறங்கிய சவுக்கில் பாதி ஈரம்.
மாஸ்டரின் பையன் ஒரு வெட்டுக்கத்தியோடு
கட்டையிடம் மன்றாடிக்கொண்டிருந்தான்.
எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

நான்காவது அடிக்கெல்லாம் அவன் தோள் இளகிவிட்டது.
கத்தியென்றால் சிக்கிக்கொள்ளும் இடத்தில்
கன்னம் இரண்டு பக்கமும் தள்ள
கட்டை தானே விலகி விழுந்தது.
நீல முனை மட்டும் லேசாக மடங்கியிருந்தது,
அவன் கவனிக்கவில்லை.

"எங்கக்கா வாங்கினீங்க?"

"கல்யாணத்துக்கு வந்தது."

என் கழுத்தை ஒருமுறை பார்த்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.
அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தான்.